பழைய பிரைமருக்குத் திரும்பிய பிறகும் நிற்காத கசிவு: வாய்வழி மருந்திடும் நவீன ரைஃபிள் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

குழலின் வாய்ப்பக்கமாக வெடிமருந்தையும் குண்டையும் இட்டுச் சுடும் நவீன ரைஃபிள் ஒன்றில், தட்டினால் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு குப்பியான பிரைமர் அமர்ந்திருக்கும் இடத்தைச் சுற்றி வெப்ப வாயு பின்பக்கமாகப் பீறிட்டு, சுட்டவரின் பாதுகாப்புக் கண்ணாடியில் கரித்துகள் தெறித்த நிகழ்வைப் பற்றியது இந்த ஆய்வு. துப்பாக்கி இருப்பது அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில். கசிவுக்கான காரணத்தைத் தேடியது காட்பாடியில். காரணம் தெரிந்துவிட்டதாக நினைத்துப் பழைய பிரைமருக்கே திரும்பிய பிறகும் கசிவு நிற்கவில்லை என்பதுதான் இதை எழுதத் தூண்டியது. கண்ணுக்கு மிக அருகில் நிகழும் கோளாறு இது. கண்ணாடி அணிந்திராவிட்டால் இந்த ஆய்வு மருத்துவக் குறிப்பாக மாறியிருக்கும் என்பதால், நேர்ந்ததை ஒளிவுமறைவின்றி, அளவுகளோடு பதிவு செய்வது நல்லது என்று கருதுகிறேன்.

துப்பாக்கியின் உரிமையாளர் என் அக்காள் மகன். வேலூரில் பொறியியல் படித்துவிட்டு அமெரிக்கா சென்று, அந்நாட்டுக் குடியுரிமை பெற்று அங்கேயே வாழ்பவர். நான் இராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையின் பாய்லர் பிரிவில் பராமரிப்புப் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். துப்பாக்கி என் துறை அன்று. ஆனால் அழுத்தத்தில் இருக்கும் வாயு எந்த இடுக்கைத் தேடிப் போகும், போன இடத்தில் உலோகத்தை என்ன செய்யும் என்பதைப் பார்த்தே என் வேலைக்காலம் கழிந்தது. மூன்றாமவர், படைவீரர்களின் ஊர் என்று பெயர் பெற்ற கம்மவான்பேட்டையைச் சேர்ந்தவர்; ராணுவத்தின் மின், இயந்திரப் பொறியாளர் பிரிவான இ.எம்.இ.யில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பழுதுபார்ப்பவராக, இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். ஆய்வின் போக்கைத் தீர்மானித்தவர் அவர்தான்.

தொடக்கத்திலேயே ஒரு வரம்பைச் சொல்லிவிட வேண்டும். துப்பாக்கியின் எந்த உறுப்பும் வேலூருக்கு வரவில்லை. இங்குள்ள எந்த லேத் பட்டறையிலும் எந்த உறுப்பும் கடையப்படவில்லை. 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கியையோ அதன் உறுப்புகளையோ செய்வதும் பழுதுபார்ப்பதும் குற்றம். அளவுகள் அனைத்தையும் மருமகன் அங்கே எடுத்தார். வீடியோ அழைப்பிலும் புகைப்படங்களிலும் நாங்கள் பார்த்தோம்.

துப்பாக்கியின் அமைப்பு

வாய்வழி மருந்திடும் துப்பாக்கி என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருவது தட்டும் குதிரையும், தட்டினால் தீப்பற்றும் கேப்பும், அந்தக் கேப் அமரும் துளையுள்ள நிப்பிளும் கொண்ட நாட்டுத் துப்பாக்கி. அமெரிக்காவில் மான் வேட்டைக்கு இவ்வகைத் துப்பாக்கிகளுக்கென்று தனி நாட்கள் ஒதுக்கப்படுவதால், பழைய முறையிலேயே மருந்திட்டாலும் பற்றவைப்பு மட்டும் நம்பகமாக இருக்க வேண்டும் என்ற தேவை அங்கே வளர்ந்தது. 1985 இல் டோனி நைட் என்பவர் மிசௌரி மாநிலத்தில் உருவாக்கிய எம்.கே.85 என்ற ரைஃபிள் இந்த வகையைப் பரவலாக்கியது. குழலின் பக்கவாட்டிலிருந்து தீ கொடுப்பதற்குப் பதிலாக, குழலின் பின்முனையில் திருகி அடைக்கும் பிரீச் பிளக்கின் நடுவே, குழலின் அச்சிலேயே தீ செல்லும்படி அமைப்பது இதன் சிறப்பு. இதை இன்லைன் வகை என்கிறார்கள். தொடக்கத்தில் சிறிய கேப்புகள் பயன்பட்டன. பின்னர் ஷாட்கன் தோட்டாவுக்கான 209 என்ற பிரைமர் வழக்கமாயிற்று. அது பழைய கேப்பைவிடப் பன்மடங்கு வலிமையான தீயைத் தரும்.

209 பிரைமர் ஒரு சிறிய உலோகக் குப்பி. அதன் உடலின் விட்டம் சுமார் 6.2 மில்லிமீட்டர், பின்முனையில் அதைவிட அகலமான விளிம்பு இருக்கும். பிரீச் பிளக்கின் பின்பக்கக் குழியில் குப்பி நுழைய, குழியின் வாயிலுள்ள படியில் விளிம்பு அமரும். துப்பாக்கியை மடக்கி மூடும்போது அதன் உலோகச் சட்டத்தின் (ஃபிரேம்) தட்டையான முகம் பிரைமரைப் பின்னாலிருந்து தாங்கும். குழியின் அடியிலிருந்து முன்னோக்கிச் செல்லும் நுண்ணிய தீத்துளை வழியாகப் பிரைமரின் சுடர் மருந்தை எட்டும். மருந்து பற்றிய அடுத்த கணமே அதே துளை வழியாக வாயு திரும்பி வரும். அந்த வாயுவைத் தடுக்கக் கதவு ஏதும் இல்லை, பிரைமரே கதவு.

இந்தச் சிக்கல் துப்பாக்கியின் வரலாற்றுக்கே பழையது. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது அவர்கள் கையில் இருந்தவை சக்கிமுக்கிக்கல் தட்டித் தீப்பொறி எழுப்பும் மஸ்கட்டுகள். அவற்றில் பக்கவாட்டுத் துளை எப்போதும் திறந்தே கிடந்ததால், ஒவ்வொரு வெடிக்கும் ஒரு பங்கு வாயு அவ்வழியே வெளியேறியது. பக்கத்தில் நிற்பவர் விலகி நிற்பதைத் தவிர வேறு தீர்வு இல்லை. அடுத்த ஆண்டு, 1807 இல், ஸ்காட்லாந்தின் போதகர் அலெக்சாண்டர் ஃபோர்சைத் தட்டினால் வெடிக்கும் வேதிப்பொருளைக் கொண்டு பற்றவைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் வந்த கேப்பும் பிரைமரும் தீயைக் கொடுப்பதோடு துளையை மூடுவதையும் தம் பொறுப்பாக ஏற்றுக்கொண்டன. இந்த இரண்டாவது பொறுப்பு தவறுவதையே பின்கசிவு என்கிறோம்.

நிகழ்ந்தது

மருமகனிடம் இருப்பது 0.50 அங்குலக் குழல் கொண்ட, நடுவில் மடிந்து திறக்கும் ரைஃபிள். முதல் வேட்டைப் பருவம் முழுவதும் ஒரே வகைப் பிரைமரையும் ஒரே வகை மருந்தையும் பயன்படுத்தினார். குறை ஏதும் இல்லை. வசதிக்காக அந்தப் பிரைமரை ‘அ’ என்போம். அடுத்த பருவத்துக்கு முன் பயிற்சிக்குச் சென்றபோது, கடையில் ‘அ’ கிடைக்காததால் வேறொரு நிறுவனத்தின் பிரைமரை வாங்கினார், இது ‘ஆ’. அதே நாளில், குழலில் குறைவாகப் படியும் என்று சொல்லப்பட்ட வேறொரு மருந்துக்கும் மாறினார். இரண்டையும் ஒரே சமயத்தில் மாற்றியது பின்னர் காரணத்தைப் பிரித்தறிவதைக் கடினமாக்கியது.

பயிற்சியின்போது தொலைநோக்கியின் அடிப்பக்கத்தில், பிரீச்சுக்கு நேர் மேலே, கறுப்புப் படலம் படிந்தது. துடைத்துவிட்டுத் தொடர்ந்தார். பிறகு பிரைமரை வெளியே எடுக்க நகத்தால் நெம்ப வேண்டியதாயிற்று. இறுதியாக, ஒரு வெடியின்போது வலது கன்னத்தில் சுரீரென்று சுட, பாதுகாப்புக் கண்ணாடியின் கீழ்மூலையில் கரித்துகள்கள் ஒட்டியிருந்தன. துடைத்தபின் அங்கே நுண்ணிய குழிகள் தெரிந்தன. அதோடு நிறுத்திவிட்டு, ‘அ’ பிரைமரை வேறு ஊரிலிருந்து வரவழைத்தார். புதிய மருந்தையும் ஒதுக்கிவிட்டுப் பழைய மருந்தையே இட்டார். கசிவு குறைந்தது, ஆனால் நிற்கவில்லை.

எனக்கு அழைப்பு வந்தது இந்தக் கட்டத்தில்தான். “மாமா, எல்லாத்தையும் பழையபடி ஆக்கிட்டேன். அப்புறமும் ஏன் வருது?” என்பதே அவர் கேட்டது.

முதல் ஊகங்களும் அவற்றின் குறையும்

மருமகன் நண்பர்களிடமிருந்து கேட்டு வந்த விளக்கங்கள் இரண்டு. பிரைமர் அளவுக்கு மீறி வலியது என்பது ஒன்று. மருந்து அதிகம் என்பது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். அழுத்தம் கூடினால் கசிவும் கூடும். ஆனால் அவர் இட்ட மருந்து தயாரிப்பாளர் அனுமதித்த அளவுக்குக் கீழேயே இருந்தது; அதே அளவோடு முதல் பருவம் முழுவதும் கசிவின்றிச் சுட்டிருக்கிறார். கசிவுக்கு அழுத்தத்தைக் குற்றம் சொல்வது, ஸ்டீம் வால்வு ஒழுகும்போது பாய்லரின் அழுத்தத்தைக் குறைக்கச் சொல்வதற்கு ஒப்பாகும். ஒழுகல் குறையும், வால்வின் சீட், அதாவது அடைப்பு அமரும் பரப்பு, பழுதாகவே இருக்கும்.

ஹவில்தார் வேறு திசையில் தொடங்கினார். துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் கேட்காமல், சுட்ட பிரைமர்களை வெள்ளைத் தாளின் மீது வரிசையாக வைத்துப் படமெடுத்து அனுப்பும்படி சொன்னார். அவருடைய பார்வையில் சுட்ட பிரைமரே சாட்சி. அதைத் துடைக்காமல் பார்க்க வேண்டும். நன்றாக அடைத்திருந்த பிரைமரின் உடல் பளபளப்பாகவும் முன்முனை மட்டும் கறுத்தும் இருக்கும். கசிந்த பிரைமரின் உடலில் முன்முனையிலிருந்து விளிம்பு வரை கரிக்கோடு ஏறியிருக்கும். படத்தில் இருந்தவை அனைத்திலும் கோடு இருந்தது. அதுவும் சுற்றிலும் பரவாமல் ஒரு பக்கத்தில் மட்டும், தீநாக்கு போல, விளிம்பை நோக்கி விரிந்திருந்தது.

இங்கே அவர் சொன்ன சோதனை மிக எளியது. இந்த ஆய்வில் நான் மிகவும் மதிக்கும் பகுதியும் அதுவே. பிரைமரைக் குழியில் வைக்கும்போது விளிம்பின் மேற்புறத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி இட்டு, புள்ளி எப்போதும் வானத்தைப் பார்க்கும்படி வைத்துச் சுட வேண்டும். கரிக்கோடு ஒவ்வொரு பிரைமரிலும் வெவ்வேறு இடத்தில் இருந்தால் குறை பிரைமரில். எல்லாவற்றிலும் புள்ளியிலிருந்து ஒரே தொலைவில் இருந்தால் குறை துப்பாக்கியில். மருமகன் முழு முகத்தையும் மறைக்கும் காப்பு அணிந்து, ரைஃபிளைத் தாங்கியில் பொருத்தி, குறைந்த அளவு மருந்தோடு சுட்டுப் பார்த்தார். கோடு ஒவ்வொன்றிலும் கீழ் இடதுபுறத்திலேயே இருந்தது. “தம்பி, பிரைமரை விட்டுடு. பிளக்கைக் கழட்டு,” என்றார் ஹவில்தார்.

அளவுகள்

துப்பாக்கியில் மருந்தோ பிரைமரோ இல்லை என்பதை, குழலுக்குள் கோலை விட்டு ஆழத்தைக் குறித்துப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே அளக்கத் தொடங்கினோம்.

முதலில் பின்பக்க இடைவெளி. ஏற்கெனவே சுட்ட, உயிரற்ற பிரைமரின் தலையில் செல்லோடேப்பின் சிறு துண்டை ஒட்டித் துப்பாக்கியை மூடிப் பார்க்க வேண்டும். சாதாரண டேப்பின் ஓர் அடுக்கு சுமார் 0.05 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. எத்தனை அடுக்கு வரை தடையின்றி மூடுகிறது, எந்த அடுக்கில் இறுக்கம் தெரிகிறது என்பதிலிருந்து இடைவெளி கிடைக்கும். சுட்ட பிரைமர் சற்றே உருமாறியிருக்கக்கூடும் என்பதால், அதன் விளிம்பைத் தடிமன் அளக்கும் கேலிப்பரில் புதிய பிரைமரோடு ஒப்பிட்டு, மாறாதவற்றையே இச்சோதனைக்கு எடுத்தோம்.

‘அ’ பிரைமரோடு ஓர் அடுக்கு டேப் கூட ஏறவில்லை. டேப் இல்லாமலே மூடுவதற்குச் சற்று அழுத்த வேண்டியிருந்தது. இடைவெளியே இல்லை என்று காட்டிய இந்த முடிவு எங்களைக் குழப்பியது. பின்னால் இறுகத் தாங்கப்பட்டிருக்கும் பிரைமர் எப்படிக் கசியும்?

விடை குழிக்குள் இருந்தது. பிளக்கைக் கழற்றிப் பெரிதாக்கும் கண்ணாடியின் கீழ் படமெடுத்தபோது, குழியின் அடியில், தீத்துளையைச் சுற்றி, கெட்டிப்பட்ட கரி ஒரு வளையமாகப் படிந்திருந்தது. துணியால் துடைத்தால் வராத, பீங்கான் போல இறுகிய படிவு. பிரைமரின் முன்முனை அந்தக் கரியின் மீது முட்டி நின்றதால் அதன் விளிம்பு படியில் அமரவே இல்லை. சட்டத்தின் முகம் பிரைமரைப் பின்னாலிருந்து அழுத்தியது உண்மை. ஆனால் அது பிரைமரை அழுத்தியது கரியின் மீது, உலோகத்தின் மீதன்று. வாயு அந்தக் கரியின் சீரற்ற பரப்பைத் தாண்டி, உடலைச் சுற்றி, அமராத விளிம்புக்கு அடியில் வெளியேறியது. பின்பக்கம் இடைவெளி இல்லை என்பது முன்பக்கம் அடைபட்டிருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. இந்த ஒரு செய்தியைப் பிரைமர் கசிவோடு போராடும் ஒவ்வொருவரும் மனத்தில் இருத்த வேண்டும் என்று விரும்புகிறேன். டேப் சோதனையை அழுக்குப் பிளக்கில் செய்து ஏமாறுவது அவ்வளவு எளிது.

கரைப்பானில் ஊறவைத்து, குழிக்குப் பொருந்தும் துரப்பண முனையை விரல்களால் மட்டும் மெல்லத் திருப்பிக் கரியை நீக்கச் சொன்னோம். மின்துரப்பணத்தைத் தொடவே கூடாது. அது கரியோடு நிற்காமல் உலோகத்தையும் தின்னும். சுத்தமான பிளக்கில் சோதனையைத் திரும்பச் செய்தபோது ‘அ’ பிரைமரோடு ஓர் அடுக்கு டேப் தடையின்றி ஏறியது. இரண்டாவதில் இறுக்கம் தெரிந்தது. ‘ஆ’ பிரைமரோடு மூன்று அடுக்குகள் ஏறின. ‘ஆ’வின் விளிம்பு ‘அ’வைவிட மெல்லியது என்பதைக் கேலிப்பரும் உறுதிப்படுத்தியது. எல்லாமே 209 என்ற ஒரே பெயரில் விற்கப்பட்டாலும், நிறுவனத்துக்கு நிறுவனம் இத்தகைய நுண்ணிய வேறுபாடுகள் உண்டு.

அடுத்தது தீத்துளை. அமெரிக்காவில் கிடைக்கும் எண்ணிட்ட துரப்பண முனைகளின் மழுங்கிய தண்டுகளை அளவுக்கம்பிகளாகப் பயன்படுத்தினோம்; எண் குறையக் குறையத் தடிமன் கூடும். உதிரியாக வாங்கி வைத்திருந்த புதிய பிளக்கின் துளையில் 69 ஆம் எண் நுழைந்தது, 68 நுழையவில்லை. அதாவது விட்டம் 0.74க்கும் 0.79க்கும் இடைப்பட்ட மில்லிமீட்டர். பழைய பிளக்கில் 62 ஆம் எண்ணே நுழைந்தது, 0.96 மில்லிமீட்டருக்கும் சற்று மேல். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவதால், பழைய துளை புதியதைப் போல் ஒன்றரை மடங்குக்கும் மேல் வாயுவைத் திருப்பி அனுப்பும்.

கடைசியாக, கரியை நீக்கிய பிறகு வெளிப்பட்ட மிக முக்கியமான தடயம். விளிம்பு அமரும் படியின் கீழ் இடதுபுறத்தில், மயிரிழை போன்ற ஒரு பள்ளம் குறுக்கே ஓடியது. மார்க்கர் புள்ளிச் சோதனை காட்டிய அதே இடம். அதைத் திரையில் பார்த்ததும் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தோல் தொழிற்சாலையில் ஒழுகும் ஸ்டீம் வால்வைப் பிரிக்கும்போதெல்லாம் சீட்டின் குறுக்கே இதே பள்ளத்தைப் பார்த்திருக்கிறேன். “சீட் வெட்டிடுச்சு” என்பார்கள் ஃபிட்டர்கள். இடுக்கு வழியே அதிவேகமாகப் பாயும் வாயு, உளி வைத்ததுபோல் எஃகை அரித்துவிடும். நாங்கள் கையாண்டது சதுர சென்டிமீட்டருக்குப் பத்துக் கிலோ அளவிலான நீராவி. துப்பாக்கியில் அழுத்தம் அதைவிட நூறு மடங்குக்கும் மேல், வெப்பமும் மிக அதிகம், கரித்துகள்களும் கூடவே. காலம்தான் மிகக் குறுகியது.

கசிவு நிகழும் விதம்

இந்தத் தடயங்களைக் கால வரிசையில் வைத்தால் நிகழ்வு புரிகிறது. மெல்லிய விளிம்பு கொண்ட ‘ஆ’ பிரைமர் குழியில் தளர்வாக இருந்தது. பிரைமரைத் தட்டும் ஊசியான ஃபயரிங் பின் தட்டியபோது பிரைமர் வெடித்த விசையே அதைப் பின்னுக்குத் தள்ளி, சட்டத்தின் முகத்தில் மோதச் செய்தது. விளிம்புக்கும் படிக்கும் இடையே அந்த இடைவெளி திறந்தது. 6.2 மில்லிமீட்டர் விட்டத்தைச் சுற்றி 0.15 மில்லிமீட்டர் திறந்தால் அந்த வளையத்தின் பரப்பு ஏறத்தாழ 2.9 சதுர மில்லிமீட்டர். புதிய தீத்துளையின் பரப்போ 0.44 சதுர மில்லிமீட்டர்தான். விளிம்புக்கு அடியில் இருக்கும் வழி, வாயு உள்ளே வரும் வழியைவிட ஆறு மடங்குக்கும் மேல் அகலமானது.

அடைப்பு முன்பக்கத்தில் இருக்க வேண்டியதன் தேவையை விசைக் கணக்கும் காட்டுகிறது. குழலுக்குள் அழுத்தம் 150 மெகாபாஸ்கல் என்று எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். வாயு தீத்துளையின் பரப்பில் மட்டும் பிரைமரைத் தொட்டால் அதன் மீது விழும் விசை சுமார் 66 நியூட்டன். ஏழு கிலோ எடைக்குச் சற்றே குறைவு. வாயு குழிக்குள் பரவிப் பிரைமரின் முழு முகத்தையும் அதே அழுத்தத்தோடு தொட்டால் விசை 4,500 நியூட்டன். 460 கிலோ எடை. கசிவு இருக்கும்போது குழியில் அழுத்தம் முழுவதும் எட்டாது என்பது சரியே; ஆயினும் அதன் ஒரு பங்கே சட்டத்தின் முகத்தையும் கீலையும் காலப்போக்கில் தளரச் செய்யப் போதும். பின்பக்கத்தில் தகடு வைத்துத் தாங்குவதை மட்டும் தீர்வாக நினைப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

ஆக, ‘ஆ’ பிரைமர் வழியைத் திறந்தது. அவ்வழியே பாய்ந்த வாயு படியில் பள்ளத்தை வெட்டியது. புதிய மருந்தும் கசிவும் சேர்ந்து குழியில் கரியைக் கட்டின. தீத்துளையும் தேய்ந்து அகன்றது. இதற்குப் பின் ‘அ’வுக்குத் திரும்பியபோது, தொடங்கிவைத்த காரணம் நீங்கியதே தவிர அது விட்டுச்சென்ற சேதம் நீங்கவில்லை. மருமகனின் கேள்விக்கு இதுவே விடை. தேய்மானத்தில் எவ்வளவு முதல் பருவத்தினுடையது, எவ்வளவு ‘ஆ’ ஏற்படுத்தியது என்பதை இப்போது பிரித்துச் சொல்ல இயலாது.

சரிசெய்தது

பழைய பிளக்கைப் பழுதுபார்க்கலாமா என்ற கேள்வி எழுந்தது. படியைச் சற்றே கடைந்து பள்ளத்தை நீக்கலாம். ஆனால் கடைந்த அளவுக்கு இடைவெளி கூடும், அதை ஈடுசெய்ய வளையத்தகடு வைக்க வேண்டும், அகன்ற தீத்துளையோ அப்படியே இருக்கும். பிரீச் பிளக் என்பது மாற்றுவதற்கென்றே செய்யப்படும் உறுப்பு. தயாரிப்பாளரின் புதிய பிளக் கையில் இருக்கும்போது பழையதைக் காப்பாற்ற முயல்வது தவறு என்பதில் ஹவில்தாரும் நானும் ஒரே கருத்தில் இருந்தோம்.

புதிய பிளக்கில் ‘அ’ பிரைமரோடு டேப் ஏறவில்லை. மூடும்போது மிக மெல்லிய தடை மட்டும் கையில் உணர முடிந்தது. இந்த மெல்லிய தடையே விரும்பத்தக்க நிலை. குழி சுத்தமாக இருப்பதால் இப்போது அந்தத் தடைக்குப் பொருள் உண்டு. விளிம்பு எஃகின் மீது அமர்ந்து சற்றே அழுந்துகிறது. இதைவிட இறுக்கமாக இருப்பதும் ஆபத்தே: பூட்டு முழுமையாகப் பொருந்தாமல் மூடியதுபோல் தோன்றும், உயிருள்ள பிரைமரை வலிந்து நசுக்குவதும் கூடாது. ‘ஆ’ பிரைமர் புதிய பிளக்கிலும் இரண்டு அடுக்குகளை ஏற்றது. எனவே இந்தத் துப்பாக்கிக்கு அது பொருந்தாது என்று முடிவு செய்து, மீதமிருந்த பெட்டியைத் தனியே ஒதுக்கி வைத்தார்.

குழியில் ரப்பர் வளையம் கொண்ட பிளக்குகளும் சந்தையில் உண்டு. நல்ல ஏற்பாடுதான், ஆனால் வளையம் வெப்பத்தில் தேய்வதால் அதையும் நுகர்பொருளாகக் கருதி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சிக்கலை வேரிலேயே அணுகிய வடிவமைப்பு ஒன்றும் உண்டு: 2014 இல் வந்த ரெமிங்டன் 700 அல்டிமேட் மஸில்லோடர் என்ற வாய்வழி மருந்திடும் ரைஃபிளில், பிரைமர் ஒரு குறுகிய பித்தளைக் குப்பியில் அமர்ந்திருக்கும். அழுத்தம் வரும்போது பித்தளை விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்வதால் வாயு தானே தன் வழியை மூடிக்கொள்கிறது. தோட்டாத் துப்பாக்கிகள் கசியாமல் இருப்பதும் இதே தத்துவத்தால்தான். 209 பிரைமரின் கெட்டியான குப்பி, தோட்டாவின் அடியில் இறுகச் செருகப்படுவதற்காக உருவானது. தனியாக நின்று வாயுவை அடைக்கும் வேலைக்காகப் பிறந்ததன்று. அதனால்தான் இவ்வளவு நுண்ணிய அளவுகளுக்கு அது நம்மை உள்ளாக்குகிறது.

சிலர் பிரைமரைச் சுற்றிக் கிரீஸ் தடவுகிறார்கள். கிரீஸின் இடம் பிளக்கின் மரை. அங்கே உயர்வெப்பம் தாங்கும் கிரீஸ் இல்லாவிட்டால் பிளக் குழலோடு பிடித்துக்கொள்ளும். பிரைமர்க் குழியில் அது புகுந்தால் தீயையும் கெடுக்கும், கரியையும் கூட்டும்.

சோதனைக்கு, தொலைநோக்கியின் அடியிலும் பிரீச்சைச் சுற்றியும் வெள்ளைத் தாளை ஒட்டி, ரைஃபிளைத் தாங்கியில் வைத்து, குறைந்த மருந்தில் தொடங்கி வழக்கமான அளவு வரை சுட்டார். தாளில் கறை இல்லை. பிரைமர்களின் முன்முனை மட்டுமே கறுத்திருந்தது. உடல் பளபளப்பாக இருந்தது. பின்னர் ஒரு பயிற்சிநாள் முழுவதும் துடைக்காமல் சுட்டபோது, நாளின் இறுதியில் பிரைமர்களில் மங்கலான கரிச்சாயல் தோன்றத் தொடங்கியது. குழியைத் துடைத்ததும் அது மறைந்தது. கரி எவ்வளவு விரைவில் கட்டுகிறது என்பதற்கு இதுவே அந்தத் துப்பாக்கியின் அளவுகோல் ஆயிற்று.

நம் வட்டாரத்துக்கு

இன்லைன் ரைஃபிள் வேலூர்ப் பக்கம் யாரிடமும் இருப்பதாகக் கேள்விப்பட்டதில்லை. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அதற்கு இங்கே வேலையும் இல்லை. ஆனால் மலையடிவாரக் கிராமங்களில் பயிர்க்காவலுக்கு உரிமம் பெற்ற குழல் துப்பாக்கி வைத்திருப்போர் உண்டு. அவற்றில் துளையை மூடுவது நிப்பிளின் மீது அழுந்தும் கேப்பும் அதன் மீது கிடக்கும் குதிரையும். நிப்பிளின் துளை அகன்றாலோ குதிரையின் வில் தளர்ந்தாலோ வாயு குதிரையையே தூக்கி எழுப்பும். கேப்பின் செம்புத் துணுக்குகள் சிதறி முகத்தில் பாயும். கேப் கிழிந்து சிதறுவது, சுட்ட பிறகு குதிரை மேலேறி நிற்பது, கட்டைவிரலில் கரி படிவது ஆகியவை கண்டால் நிப்பிளை மாற்றும் காலம் கடந்துவிட்டது என்று பொருள். உரிமம் பெற்ற பழுதுபார்ப்பாளரிடமே கொண்டுசெல்ல வேண்டும்; நிப்பிளை ஈயம் வைத்து அடைத்துக்கொள்வதும், ஆணியைக் கடைந்து நிப்பிளாக்குவதும் கண்ணைப் பணயம் வைக்கும் செயல்கள். கண்ணில் துகள் பட்டுவிட்டால் தேய்க்காமல், கழுவுகிறேன் என்று அழுத்தாமல், உடனே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். வேலூரில் ஆரணி சாலையின் ஷெல் கண் மருத்துவமனை போன்ற இடங்கள் எட்டும் தொலைவிலேயே இருக்கின்றன.

இப்போது பின்பற்றும் முறை

மருமகன் ஒவ்வொரு புதிய பிரைமர்ப் பெட்டியிலிருந்தும் சிலவற்றின் விளிம்பைக் கேலிப்பரில் அளந்து, பழைய அளவோடு ஒத்திருந்தால் மட்டுமே பெட்டியைப் பயன்படுத்துகிறார். ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் பிளக்கைக் கழற்றிக் குழியின் அடியைக் கரியின்றிச் சுத்தம் செய்கிறார். டேப் சோதனையை அதன் பிறகே செய்கிறார். பருவத்துக்கு ஒருமுறை தீத்துளையை அளவுக்கம்பியால் பார்க்கிறார். 65 ஆம் எண், அதாவது 0.89 மில்லிமீட்டர், தடையின்றி நுழையும் நாளில் பிளக்கை மாற்றுவது என்று நாங்கள் மூவரும் பேசி முடிவு செய்தோம். பிரைமர் வெடிக்கத் தவறினால் குழலை இலக்கின் பக்கமே நீட்டியபடி ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் காத்திருந்து, பிறகே திறக்கிறார். குழியிலோ படியிலோ கோடு ஏதேனும் தென்பட்டால், எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும், அந்தப் பிளக்கோடு சுடுவதில்லை. பழைய பிளக்கை அவர் எறியவில்லை. பள்ளம் தெரியும்படி படமெடுத்து, அங்குள்ள துப்பாக்கிச் சுடுதளத்தில் புதிதாக வருபவர்களுக்குக் காட்டுவதற்காக வைத்திருக்கிறார்.